கலண்டரில் 46, கணனியில் 26

சென்ற தீபாவளி கழிந்து சில நாட்களின் பின் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். வலிகாமம் வடக்கில் செம்மண் தோட்டக்காரக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1990 இல், பத்து வயதில், பெற்றோரோடு வெளிக்கிட்டவர். முகாம், உறவினர் வீடு, மறுபடியும் முகாம் என்று வளர்ந்து, அங்கேயே திருமணமும் முடித்து, இன்று குத்தகைக் காணியில் வெங்காயம் செய்கிறார். தகப்பனின் காணி இன்னும் விடுபடவில்லை. மூத்த மகன் உயர்தரம் படித்து முடித்ததும் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டியில் காலி வீதிக் கடையொன்றில் விற்பனையாளனாகச் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது.

தாயின் கையில் ஒரு பை. அதற்குள் சுவரில் தொங்கும் மாதக் கலண்டர். ஒவ்வொரு நாட்கட்டத்துக்குள்ளும் பென்சிலால் இரண்டு நேரங்கள் எழுதியிருந்தார். காலையில் கடைக்குள் போன நேரம், இரவு வெளியே வந்த நேரம். மகன் அறைக்குத் திரும்பியதும் தாய்க்குத் தொலைபேசி எடுப்பான். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, எத்தனை மணிக்கு விட்டவை என்றும் கேட்டு எழுதி வைப்பாராம். கலண்டரோடு மகனின் சம்பளச் சீட்டும் இருந்தது. மகன் தொலைபேசியில் அனுப்பிய படத்தைச் சந்திக் கடையில் பிரதி எடுத்து வந்திருந்தார்.

"பாதர், நான் கூட்டிப் பாத்தா நாலு கிழமையில நாப்பத்தாறு மணித்தியாலம் கூட நிண்டிருக்கிறான். சீட்டில இருபத்தாறு எண்டு கிடக்கு. கேட்டதுக்கு, கொம்பியூட்டர் பிழை விடாதாம். அப்ப நான்தான் பிழை விட்டனோ?"

அவரை எனக்குத் தெரியும். கணக்கில் பிழை விடுகிறவர் அல்லர். இறைப்பு மெசினை மணித்தியால வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். ஸ்ராட் பண்ணின நேரமும் நிற்பாட்டின நேரமும் எழுதி வைக்காவிட்டால் மெசின்காரன் சொன்னதுதான் கணக்கு என்பது அவருக்குப் பழகிய பாடம். மெசினுக்குச் செய்ததை மகனுக்கும் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் வாசகர்களில் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் நிற்கிறார்கள். அவர்கள் அனுப்பும் காசில்தான் இங்கே குத்தகையும் உரமும் அடுத்த பிள்ளையின் ரியூசனும் நடக்கின்றன. ஆகவே அந்த 46 இற்கும் 26 இற்கும் நடுவில் இருபது மணித்தியாலம் எங்கே போனது என்று நான் தேடிப் பார்த்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டம் சொல்லும் எண்கள்

கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவர்களுக்கு இலங்கையில் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. எழுபது வருடத்துக்கு மேலாக நடைமுறையில் உள்ள சட்டம். அதன்படி வழமையான வேலை நேரம் ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம், ஒரு கிழமைக்கு 45 மணித்தியாலம். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் விடும் இடைவேளை இதற்குள் சேராது. ஒரு கிழமையில் 28 மணித்தியாலமாவது வேலை செய்தவருக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. ஐயெட்டு நாற்பது, அரைநாள் வேலைக்கு ஐந்து, மொத்தம் 45 என்று வைத்துக்கொண்டால் மனதில் நிற்கும்.

இதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணித்தியாலமும் மேலதிக நேரம். எல்லோரும் ஓ.ரி. என்பது இதைத்தான். அதற்கு மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். மணித்தியாலச் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 240 ஆல் பிரித்து வருவது. முப்பது நாள், எட்டு மணித்தியாலம், 240. மாதம் 30,000 ரூபா பெறுபவருக்கு மணித்தியாலத்துக்கு 125 ரூபா, ஓ.ரி. என்றால் 187 ரூபா 50 சதம். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 சித்திரையில் 27,000 ரூபாவாகவும் 2026 தையில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டபடியால், முழுநேர வேலையில் உள்ள ஒரு பிள்ளைக்கு இதற்குக் குறைவான கணக்கு வருமானால் அங்கேயே நின்று கேட்க வேண்டும்.

இன்னொரு எண்ணும் உண்டு. கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் ஓ.ரி. வேலை வாங்கக் கூடாது. இந்த 12 ஐப் பற்றிப் பின்னால் வருகிறேன். இருபது மணித்தியாலத்தில் ஆறு அதற்குள்தான் ஒளிந்திருந்தது.

கடைக்கு மேலே ஓர் அறை

கலண்டரையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த கொழும்புப் பயணத்தில் அந்தக் கடைக்குப் போனேன். பம்பலப்பிட்டிச் சந்திப் பக்கம் இறங்கினால் காலி வீதியில் மெஜஸ்டிக் சிற்றி, அதன் அருகே யுனிற்றி பிளாசா. கணனி வாங்கவும் திருத்தவும் நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்துபோகும் இடம். வீதியின் இரு மருங்கும் கடைகள். தீபாவளி முடிந்தும் கூட்டம் குறைந்திருக்கவில்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. முதலாளி கெட்ட மனிதர் அல்லர். 2022 இல் பொருளாதாரம் சரிந்து வீதியில் வியாபாரமே இல்லாதிருந்த நாட்களிலும் ஒரு பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பாதவர். சங்கதியைச் சொன்னதும் முகம் சுருங்கினாலும், "மேலே வாங்கோ பாதர், நீங்களே பாருங்கோ" என்று அழைத்துப் போனார்.

மேல்மாடியில் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு கணனி. வவுனியாவைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை கணக்குப் பார்க்கிறார். அவரும் எங்களைப் போல இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைதான். முன்பு இந்தக் கடையில் வயதான கணக்காளர் ஒருவர் இருந்தாராம். தடித்த பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வந்ததைச் சிவப்பு மையால் தனி நிரலில் எழுதி, மாத முடிவில் ஒன்றரையால் பெருக்குவாராம். அவர் ஓய்வு பெற்ற பிறகு, வாசலில் விரல் வைக்கும் மெசின் வந்தது. அதோடு, அந்த நேரங்களை வாங்கிச் சம்பளம் போடும் ஒரு மென்பொருளும் வந்தது.

மென்பொருள் வெளிநாட்டில் செய்தது. முதல்முறை திறந்ததும் எந்த மாநிலம் என்று அது கேட்டதாம். அமெரிக்காவில் ஓ.ரி. விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 1938 இல் வந்த தேசியச் சட்டம் கிழமைக் கணக்கை மட்டும் பார்க்கிறது. கிழமைக்கு 40 மணித்தியாலத்துக்கு மேற்பட்டால் ஒன்றரை மடங்கு. கலிபோர்னியா மாநிலமோ நாட்கணக்கையும் பார்க்கிறது. ஒரு நாளில் 8 ஐத் தாண்டினால் ஒன்றரை, 12 ஐத் தாண்டினால் இரட்டிப்பு. ஆகவே இப்படியான மென்பொருள்களில் மாநிலங்களின் பட்டியல் ஒன்று தொங்கும். ஒன்றைத் தொட்டால் அதன் விதிகள் தாமாக வந்து உட்காரும். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

பூட்ட வந்த தொழில்நுட்பப் பையன் யோசித்துப் பார்த்து, எட்டு மணித்தியாலம் எங்களுடையதைப் போல இருக்கிறது என்று கலிபோர்னியாவைத் தொட்டுவிட்டுப் போனான். முதல் மாதச் சம்பளப் பட்டியலைக் கண்ட முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் சட்டத்தில் கிழமைக்கு 45, அங்கே 40. ஐந்து மணித்தியாலம் வழமையான வேலைக்கும் கணனி ஓ.ரி. போட்டிருந்தது. பையனைக் கூப்பிட்டு, இதை நிற்பாட்டு என்றார். அவன் கலிபோர்னியாவை எடுத்துவிட்டான். அதோடு நாட்கணக்கும் போய்விட்டது. கிழமைக்கு எத்தனை என்று கேட்க, ஆறெட்டு நாற்பத்தெட்டு என்று யாரோ சொல்ல, 48 என்று போட்டான். சட்டப்படி 12 இற்கு மேல் ஓ.ரி. இல்லை என்று இன்னொருவர் சொல்ல, உச்சவரம்பு என்ற கட்டத்துக்குள் 12 ஐயும் தட்டிவிட்டுப் போனான். இரண்டு நிமிட வேலை. பதினாறு பிள்ளைகளின் சம்பளம் அன்று தொடக்கம் அந்த இரண்டு நிமிடத்தின்படியே ஓடியது.

அந்த 48 வானத்தில் இருந்து விழுந்ததல்ல. 1919 இல் வாஷிங்டனில் சர்வதேச தொழில் அமைப்பு கூடி நிறைவேற்றிய முதலாவது சமவாயம் நாளுக்கு 8, கிழமைக்கு 48 என்றே சொன்னது. தமிழ்நாட்டின் 1947 ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்திலும் கிழமைக்கு 48 தான். ஆனால் அங்கே ஓ.ரி. இற்குக் கொடுப்பது இரட்டிப்பு. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் பொதுவாக 44 இற்கு மேல் ஒன்றரை. ஸ்காபரோவில் உள்ள மைத்துனர் தொலைபேசியில் சொல்லும் கணக்கும், சென்னையில் உள்ள உறவினர் சொல்லும் கணக்கும், பம்பலப்பிட்டிக் கணக்கும் ஒன்றாக வராததற்கு இதுதான் காரணம். ஒவ்வொன்றும் அந்தந்த ஊரில் சரி. ஒன்றின் எண்ணை எடுத்து மற்றதின் கட்டத்துக்குள் போட்டால் யாருக்கோ நட்டம்.

இருபது மணித்தியாலம் போன வழி

தாயின் கலண்டரை மேசையில் விரித்து, கணக்குப் பார்க்கும் தங்கச்சியும் நானும் கிழமை கிழமையாகப் பார்த்தோம். இடைவேளைகளைக் கழித்த நிகர நேரத்தையே இங்கே தருகிறேன்.

முதல் இரண்டு கிழமையும் ஒரே மாதிரி. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 10 மணித்தியாலம், சனிக்கிழமை 5. கிழமைக்கு 55. ஒவ்வொரு நாளும் எட்டுக்கு மேல் இரண்டு, ஐந்து நாளில் பத்து மணித்தியாலம் ஓ.ரி. கணனியோ 55 இல் 48 ஐக் கழித்து ஏழு என்றது. கிழமைக்கு மூன்றாக ஆறு மணித்தியாலம் அங்கே போனது.

மூன்றாம் கிழமையில் பிள்ளை வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தான். முன்கூட்டியே கேட்டு, சட்டப்படியான விடுப்பு. நான்கு நாள் பத்துப் பத்தாக 40, சனி 5, ஆக 45 மணித்தியாலம் வேலை. நாட்கணக்கில் பார்த்தால் நான்கு நாளும் இரண்டிரண்டு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் ஓ.ரி. கிழமைக் கணக்கை மட்டும் பார்க்கும் கணனிக்கு 45 என்பது 48 இற்கு உள்ளே, ஆகவே பூச்சியம். ஒரு நாள் விடுப்பு எடுத்த குற்றத்துக்கு நான்கு இரவு நின்ற வேலை இலவசமாகிவிட்டது. இந்த இடம்தான் எனக்கு மிகவும் உறைத்தது. யாரும் திருடவில்லை. அந்தப் பிள்ளையை யாரும் கடிந்துகொள்ளவும் இல்லை. நாட்கணக்கு என்ற ஒரு கட்டத்தில் சரி அடையாளம் இல்லை, அவ்வளவே.

நான்காம் கிழமை தீபாவளிக் கிழமை. ஐந்து நாளும் பதினொரு மணித்தியாலம், சனிக்கிழமை அரைநாள் விடுமுறையும் இல்லாமல் 8. மொத்தம் 63. இங்கே இரண்டு கணக்கும் வேண்டும். ஐந்து நாளும் எட்டுக்கு மேல் மும்மூன்று, பதினைந்து. இவற்றைத் தனியே எடுத்து வைத்தால் மிச்சம் 48. அதில் 45 இற்கு மேல் இன்னும் மூன்று. எல்லாமாகப் பதினெட்டு. நாட்கணக்கில் எடுத்ததைக் கிழமைக் கணக்கில் மறுபடி எண்ணக் கூடாது. அப்படி எண்ணினால் முதலாளிக்கு அநியாயம். கணனி 63 இல் 48 ஐக் கழித்துப் பதினைந்து என்று கண்டு, உச்சவரம்பு 12 என்பதால் பன்னிரண்டோடு நின்றுவிட்டது. ஆறு மணித்தியாலம் இல்லாமற் போனது.

சட்டத்தின் 12 யாரைக் கட்டுப்படுத்துகிறது? வேலை வாங்குகிறவரை. அதற்கு மேல் ஒருவரை மறிக்காதே என்பதே அதன் பொருள். மறித்து வேலையும் வாங்கிவிட்டு, சட்டத்தில் பன்னிரண்டுக்கு மேல் இல்லையே என்று கூலியை விடுவதற்கு அது இடம் தரவில்லை. வாய்க்கால் வரம்பை வெட்டித் தண்ணீர் எடுத்தவன், வரம்பு இருக்கிறதுதானே, நான் எப்படி எடுத்திருப்பேன் என்று கேட்பதைப் போன்றது அது. முதலாளிக்கு இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பத்தும் பத்தும் எட்டும் பதினெட்டும் 46. ஏழும் ஏழும் பூச்சியமும் பன்னிரண்டும் 26. பிள்ளையின் அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா. மணித்தியாலத்துக்கு 187 ரூபா 50 சதப்படி 8,625 ரூபா வந்திருக்க வேண்டும். வந்தது 4,875. குறைந்தது 3,750 ரூபா. தாயின் கூட்டலில் ஒரு மணித்தியாலமும் பிழை இல்லை.

"எனக்கு இது தெரியாதே பாதர். போட்டுத் தந்ததை அமத்துறனான்" என்றார் தங்கச்சி. அழுகிற குரல். அவருடைய சீட்டும் அதே கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திருத்தியது

அன்று மாலையே திருத்தினோம். மாநிலம் என்ற கட்டத்தை வெறுமையாக்கிவிட்டு, விதியைக் கையால் எழுத இடம் இருக்கிறதா என்று தேடினால் இருந்தது. நாளுக்கு 8, கிழமைக்கு 45, இரண்டிலும் ஒன்றரை மடங்கு, ஒரே மணித்தியாலத்தை இரு தரம் எண்ணாதே. உச்சவரம்பை எடுத்துவிட்டு, பத்து மணித்தியாலம் வந்ததும் முதலாளிக்கு எச்சரிக்கை காட்டும்படி வைத்தோம். இடைவேளையைத் தானாகக் கழிக்கும் கட்டம் ஒன்று இருந்தது. தீபாவளி நாட்களில் தேநீருக்கு யாரும் போகாமல் நின்றிருந்தாலும் அது அரை மணித்தியாலத்தை வெட்டும். அதை அப்படியே விடுவதா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. கடைசியில், போகாதவர் அன்றே எழுதிக் கொடுத்தால் சேர்ப்பது என்று முடிவானது. எழுதிக் கொடுக்க எத்தனை பிள்ளைகளுக்குத் துணிவு வரும் என்பது வேறு கதை.

பிரிக்கும் எண் 240 என்பது கடைக்கு உரியது. எல்லா வேலைக்கும் அதுவல்ல. 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சபை உண்டு. வெதுப்பகம், ஆடைத் தயாரிப்பு, அச்சகம், மோட்டார்ப் போக்குவரத்து என்று நீளும் பட்டியல். அவற்றில் பல தொழில்களின் தீர்மானப்படி மாதச் சம்பளத்தைப் பிரிப்பது 200 ஆல். 30,000 ரூபாவை 200 ஆல் பிரித்தால் 150, ஓ.ரி. 225 ரூபா. முன்னால் கடை, பின்னால் வெதுப்பகம் என்று நடத்தும் ஒருவர் எல்லோரையும் 240 இல் போட்டால், அடுப்பில் நிற்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு ஓ.ரி. மணித்தியாலத்திலும் 37 ரூபா 50 சதம் குறையும். மாதம் 40 மணித்தியாலம் நின்றால் 1,500 ரூபா. உங்கள் பிள்ளை செய்வது விற்பனையா உற்பத்தியா என்று கேட்டு வையுங்கள்.

வேறோர் இடத்தில் நான் கண்டது நேரத்தை வெட்டும் கட்டம். மெசினில் விரல் வைத்த நேரத்தைக் கால் மணித்தியாலத்துக்கு வெட்டிக் கணக்கெடுப்பார்கள். இரவு 8.44 இற்கு விரல் வைத்தால் 8.30 என்று பதியும். ஒரு நாளைக்குப் பதினான்கு நிமிடம் பெரிதில்லை என்று தோன்றும். மாதத்தில் 26 நாளும் அப்படிப் போனால் 364 நிமிடம், ஆறு மணித்தியாலத்துக்கு மேல். இறைப்பு மெசின்காரன் எங்களிடம் கால் மணித்தியாலம் விட்டுத் தருவானா?

சேமலாப நிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம், முதலாளியிடம் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடம் 3 சதவீதம். ஓ.ரி. காசுக்கு இவை பிடிபடுவதில்லை. இதை அறிந்த சிலர், பேசிய 40,000 ரூபாவில் 30,000 ஐச் சம்பளம் என்றும் 10,000 ஐ ஓ.ரி. என்றும் சீட்டில் காட்டுகிறார்கள். கையில் வரும் தொகை கொஞ்சம் கூடுவதால் பிள்ளைகள் ஒன்றும் கேட்பதில்லை. சேமலாப நிதியில் மாதம் 2,000 ரூபாவும் நம்பிக்கை நிதியில் 300 ரூபாவும் சேராமற் போகிறது. நின்று செய்த மேலதிக மணித்தியாலங்களுக்கும் தனியே காசு இல்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய், விழுவது மட்டும் வேறு வளவில்.

விடுமுறை நாட்கள் மற்றோர் இடறல். பூரணை தினத்தில் வேலை வாங்கினால் 1971 ஆம் ஆண்டின் விடுமுறைகள் சட்டப்படி நாட்சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. கடைச் சட்டத்தின் கீழ் வரும் சம்பளத்துடனான விடுமுறைகள் எட்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் பூரணைக்கு அடுத்த நாள், நபிகள் நாயகம் பிறந்த தினம், நத்தார். இந்த நாட்களில் வேலை செய்தால் இரட்டிப்புச் சம்பளம் அல்லது பதில் விடுமுறை. தீபாவளி இந்த எட்டில் இல்லை. பெரிய வெள்ளியும் இல்லை. அவை அரசாங்க, வங்கி விடுமுறைகள். கடைப் பிள்ளைக்கு அவை சட்டத்தால் கிடைப்பதில்லை, முதலாளி மனம் வைத்தால் உண்டு. பலரும் இதை அறியாமல் வீணாகச் சண்டை பிடிக்கிறார்கள். கிடைக்க வேண்டிய எட்டைக் கேட்பதில்லை.

பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பும்போது நான் இப்போது ஒரு கொப்பியும் கொடுத்து விடச் சொல்கிறேன். போன நேரம், வந்த நேரம், இடைவேளைக்கு விட்டார்களா இல்லையா, அன்றன்றே எழுத வேண்டும். மாத முடிவில் நினைவிலிருந்து எழுதியதற்கு மதிப்பில்லை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி இலக்கம் மூன்றையும் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பி வைக்கட்டும். முதலில் கணக்குப் பார்க்கிறவரிடம் மரியாதையாகக் கேட்கலாம். எங்கள் அனுபவத்தில் பாதிப் பிழைகள் அங்கேயே தீர்கின்றன, ஏனெனில் அவருக்கும் தெரிந்திருப்பதில்லை. தீராவிட்டால் தொழில் திணைக்களம் இருக்கிறது. தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டியில். மாவட்டங்களிலும் தொழில் அலுவலகங்கள் உண்டு. எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். தொழில் அதிகாரி வந்து கேட்டால் வேலை நேரப் பதிவையும் சம்பளப் பதிவையும் காட்ட வேண்டியது முதலாளியின் கடமை. கணனிக்குள் இருக்கிறது என்று சொல்லி மறைக்க முடியாது, அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி முதலாளி பதினாறு பிள்ளைகளுக்கும் அந்த மாதத்துக் குறையைக் கொடுத்தார். அதற்கு முந்திய ஐந்து மாதங்களும் அதே 48 இல்தான் ஓடியிருக்கின்றன. விரல் மெசினில் பதிவு முழுவதும் கிடக்கிறது. பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், இதை எழுதும் வரை செய்யவில்லை. பிள்ளைகளில் இருவர் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். தங்கச்சி பழைய மாதங்களைப் புதிய விதியில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் வரவேண்டிய தொகையை அச்சடித்து மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறார்.

தை மாதச் சீட்டு வந்தபோது தாய் மறுபடியும் கலண்டரோடு வந்தார். ஓ.ரி. மணித்தியாலம் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. ஆனால் அவர் ஒரு கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு எழும்பாமல் இருந்தார். பொங்கல் வியாபாரத்துக்காகப் பூரணை நாளிலும் கடை திறந்திருந்தது. மகன் அன்று முழுநாளும் நின்றிருக்கிறான். சீட்டில் அந்த நாள் சாதாரண நாளாக விழுந்திருந்தது. விடுமுறை நாட்களுக்கான கட்டத்தை நாங்கள் இருவரும் திறந்தே பார்த்திருக்கவில்லை.